தெருக்காட்சிகளைப் படமெடுக்க: 50 மி.மீ. பிரைம் லென்ஸா, 24–70 ஜூம் லென்ஸா?

ஆசிய நகரங்களின் அன்றாட வாழ்வைப் படமெடுக்கக் கிளம்புவோர் பலர் இந்த இரண்டுக்கும் இடையே தடுமாறுகின்றனர். பிரைம் என்பது காட்சியைப் பெரிதாக்கவோ அகலமாக்கவோ முடியாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ்; 24–70 ஜூமில் 24 மி.மீ. அகலக் காட்சியிலிருந்து 70 மி.மீ. நெருக்கக் காட்சிவரை மாற்றிக்கொள்ளலாம்.

எடை: கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம்தான் (எஃப் எண் லென்ஸின் துளை அளவைக் குறிக்கும்; எண் சிறிதானால் துளை பெரிது). அதே நிறுவனத்தின் 24–70 எஃப் 2.8 லென்ஸ் சுமார் 800 கிராம்.

விலை: முன்னது பின்னதன் விலையில் ஒரு சிறு பகுதியே.

உறுதி: இதில் ஜூம் முந்துகிறது. தூசியும் ஈரமும் புகாத ரப்பர் அடைப்பு மலிவான பிரைமில் இல்லை.

வெளிச்சம்: எஃப் 1.8 துளை, எஃப் 2.8 துளையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், ஹனோய் பழைய நகரத்தில் விடியுமுன் குட்டை நாற்காலிகளில் அமர்ந்து ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் அருந்துவோரை, பிளாஷ் அடித்துத் திடுக்கிட வைக்காமலே எடுத்துவிடலாம்.

நெருக்கம்: பிரைமில் நாமே நடந்து அருகே செல்ல வேண்டும், அந்த நடையில் ஒரு புன்னகையும் இரண்டு சொற்களும் பரிமாறப்பட்டுவிடும். 1948இல் இந்தியாவிலும் சீனாவிலும் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரசோன் பெரிதும் நம்பியது 50 மி.மீ. லென்ஸைத்தான். ஆனால், கொல்கத்தாவில் ஹவுரா பாலத்தின் கீழுள்ள மல்லிக் காட் பூச்சந்தையில், கூடை சுமப்போர் இடிக்கும் நெரிசலில் பின்னால் நகர இடமேது? அங்கே 24 மி.மீ. அகலம் கைகொடுக்கும்.

இஸ்தான்புல் கலாத்தா பாலத்துத் தூண்டில்காரர்களுக்கு இரண்டுமே போதும்.

ஒரே ஊரில் நாள்கணக்கில் தங்கி முகங்களை எடுப்பவருக்குப் பிரைம் பொருந்தும். மழைக்காலத்தில் ஊர் ஊராக விரைபவருக்கு, தோள் வலித்தாலும், ஜூமே ஏற்றது.