போடியில் ஒரு பேரிடர் மீட்புத் திட்டம்: ஐந்துக்கு மூன்றரை

மழையில் அலுவலகமே போனாலும் கணக்கையும் வியாபாரத்தையும் மீட்டெடுக்க ஒரு நிறுவனம் எங்களுக்கு எழுதித்தந்த திட்டம் இது. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. அதில் மூன்று, ஒரே ஒரு சனிக்கிழமை மதியத்துக்காகக் கொடுத்தது.

எங்களுக்குப் போடிநாயக்கனூரில் ஏலக்காய் சலித்துத் தரம் பிரிக்கும் கிடங்கு இருக்கிறது. மலைக்கு மேலே, கேரளத்து வண்டன்மேட்டில், கொள்முதல் அலுவலகம். கீழே நானும் மாமனாரும், மேலே கணக்குப்பிள்ளை. 2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகளைத் திறந்த அந்த வாரம், மேல் அலுவலகத்தின் கூரை ஒழுகிக் கணினி செத்துப்போனது. பிழைத்தது, கணக்குப்பிள்ளை பாலித்தீன் பையில் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த எடைப் புத்தகம் மட்டும்தான். அதற்குப் பிறகும் பல வருடங்கள் சும்மாவே இருந்தோம். வெயில் வந்துவிட்டால் மழை மறந்துபோகிறது.

சென்ற ஆண்டுதான் சமவெளி நகரம் ஒன்றிலிருந்து ஒரு சேவை நிறுவனத்தை அழைத்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். திட்டம் எழுதித்தர 38,000 ரூபாய், கணக்குகளுக்குக் காப்புப் பிரதி எடுக்க மாதம் 2,400.

வந்த பையன் கெட்டிக்காரன். இரண்டே கேள்விகள் கேட்டான். இடர் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் வியாபாரம் மறுபடி நடக்க வேண்டும்? எவ்வளவு நேரத்துக் கணக்கு தொலைந்தால் தாங்குவீர்கள்? முதலாவதற்கு, அடுத்த ஏல நாளுக்குள் என்றேன். இரண்டாவதற்கு, ஒரு நாள் கணக்கு போனால் போகட்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம். ஒரு நாளில் எத்தனை மூட்டை எடை போடுகிறோம் என்று என் மருமகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்." தினம் ஒரு முறை என்று எழுதியிருந்ததை அவன் அடித்துவிட்டு மணிக்கொரு முறை என்று திருத்தினான்.

அதுவரை எங்கள் காப்புப் பிரதி, கணினி இருக்கும் மேசையின் இழுப்பறையிலேயே கிடந்த ஒரு பென் டிரைவ். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் 2021 மார்ச்சில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள் என்று அவன் சொன்னபோது, அந்த இழுப்பறையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இப்போது மூன்று பிரதிகள்: மேலே ஒன்று, போடி கிடங்கின் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையம் வழியாக வெளியூர்க் கணினிகளில் சேமிக்கும் கிளவுடில் ஒன்று.

பிறகு கோப்பு வந்தது. 64 பக்கம், பளபளப்பான அட்டை. 41ஆம் பக்கத்தில் சுனாமி எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியவை! வண்டன்மேடு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. வேறு யாருக்கோ எழுதியதில் எங்கள் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். மண் சரிந்து பாதை அடைபடுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. கணக்குப்பிள்ளை ஒரு தாளில் கைப்பட எழுதிக் கொடுத்தார்: போடிமெட்டுப் பாதை அடைத்தால் கம்பம்மெட்டு, அதுவும் அடைத்தால் குமுளி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உள்ள மூன்று கடைகள், ஜீப் ஓட்டுநர்களின் எண்கள். அந்தத் தாளைத்தான் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காப்பீடு பற்றியும் கோப்பில் ஒன்றுமில்லை. சரக்கோடு இருப்புக் கணக்கும் நனைந்துபோனால் எதைக் காட்டி இழப்பீடு கேட்பது? ஆடிட்டர் சொல்லித்தான் தினசரி இருப்புப் பட்டியலை அவருக்கும் அனுப்பி வைக்கிறோம்.

இனி அந்தச் சனிக்கிழமை. மூன்று மாதம் கழித்து ஒத்திகைக்காக வந்தார்கள். மேல் அலுவலகம் மூழ்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று போடியில் என் கையில் ஒரு பழைய மடிக்கணினியைக் கொடுத்தார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால், கடைசிப் பிரதி ஐந்து வாரத்துக்கு முந்தையது. டிஸ்க் நிறைந்துபோய் நின்றிருக்கிறது. அவர்களுடைய மாத அறிக்கையோ 'வெற்றி' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பையனின் முகம் வெளுத்துவிட்டது. கிளவுடிலிருந்து இறக்கினோம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில், காலை பதினோரு மணி வரையிலான எடைச் சீட்டுகள் அத்தனையும் வந்துவிட்டன.

சரி, சரக்கைக் கீழே இறக்கலாம் என்று, லாரியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் போடப் போனோம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லை தாண்ட அது வேண்டும். ஓடிபி வரவில்லை. எப்படி வரும்? பதிவு செய்திருந்த எண், "மூழ்கிவிட்ட" அலுவலகத்து மேசையில் கிடந்த கைபேசியினுடையது. உண்மையான மழையில் மேலே டவரே போய்விடும். கணக்கெல்லாம் பத்திரமாக இருக்க, லாரி மட்டும் நின்றிருக்கும். திங்கட்கிழமையே அதைப் போடி எண்ணுக்கு மாற்றினேன். 38,000 ரூபாய் கொடுத்தது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தார்கள், அறிக்கையையும் சரிசெய்தார்கள். மாதச் சேவையைப் புதுப்பித்துவிட்டேன். அடுத்த ஒத்திகையைப் போடியில் வெயிலில் வேண்டாம், ஜூலையில் வண்டன்மேட்டிலேயே நடத்துங்கள் என்று கேட்டேன். மழைக்காலத்தில் மலைக்கு ஆள் அனுப்புவது சிரமம் என்று பதில் வந்தது.