ரிமோட் டெஸ்க்டாப்பில் எங்கள் ஆபீஸ் சாட் செயலி: ஐந்துக்கு இரண்டரை

ஆபீஸில் எல்லோர் தலையிலும் கட்டப்பட்ட சாட் செயலி இது. பெயர் வேண்டாம். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து பயன்படுத்தினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு முந்தைய பேச்சைத் தேடினாலும் சட்டென்று எடுத்துக் கொடுக்கும். வீட்டிலிருந்து விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான வழி) போட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய் லாகின் செய்யும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். நான் கணக்குப் பிரிவு. வாரத்தில் மூன்று நாள் எனக்கு இந்தப் பாடுதான்.

முதல் வாரமே "கடவுச்சொல் தவறு" என்றது. மூன்று தடவை அடித்தேன், கணக்கு பூட்டிக்கொண்டது. கடைசியில் பார்த்தால் வில்லன் என் கடவுச்சொல்லில் இருந்த @ குறி. ரிமோட்டில் பிரிட்டிஷ் விசைப்பலகை அமைப்பு இருந்திருக்கிறது. அதில் ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறிதான் விழும். பெட்டியில் வெறும் புள்ளி தெரிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது நோட்பேடில் அந்த ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் லாகின் பக்கமே போகிறேன். இது செயலியின் தப்பில்லை, சரி. ஆனாலும் கடவுச்சொல்லைக் காட்டும் கண் பட்டன் ஒன்று வைத்திருக்கலாம்.

அப்புறம் பாஸ்கீ வந்தது, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக போனை வைத்தே லாகின் செய்யும் முறை. ரிமோட் திரையில் கியூஆர் கோடு வரும், போனில் ஸ்கேன் செய்வேன், சுற்றிச் சுற்றி நின்றுவிடும். "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று செய்தி. ரூட்டரை அணைத்துப் போட்டு ஒரு காலைப்பொழுதே போயிற்று. சிஸ்டம் பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டால் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, உங்க போன் எங்க இருக்கு, கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

விஷயம் அதுதான். பாஸ்கீ கேட்கும்போது, போன் நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் புளூடூத் வழியாகப் பார்க்கும். எங்கோ இருக்கும் ஒருவன் கியூஆர் கோடு அனுப்பி நம்மை ஏமாற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆபீஸ் கம்ப்யூட்டரின் புளூடூத்துக்கு என் வீட்டுப் போன் எப்படித் தெரியும்? ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைவதற்கு முன் லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் 'மோர்' அழுத்தினால் வெப்ஆத்தென் (பாஸ்கீ கேள்வியை நம் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது) என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டதும் கேள்வி போனுக்குப் பக்கத்தில் இருக்கும் என் லேப்டாப்புக்கே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஓரளவு புதிய விண்டோஸ் வேண்டும். இத்தனையையும் செயலி ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அது ரூட்டரைக் கைகாட்டியது.

லேப்டாப்பிலேயே சாட்டைத் திறந்து வைத்தால் வேறு தொல்லை. விபிஎன் இணைந்த மறுநொடி சாட் வெளியே தள்ளிவிடும். எங்கள் விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் ஆபீஸ் வழியாகத் திருப்புகிறது. அங்கே ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல்காரன்) 443 போர்ட்டை, அதாவது சாதாரண இணையப் பக்கங்கள் போகும் வாசலை, மட்டும் விடுகிறது. செயலியோ தன் சொந்தப் போர்ட்டில்தான் முதலில் முட்டுகிறது. சாட்டை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விட வழி உண்டு, ஆனால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள், பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

இன்னொன்று. ரிமோட் ஜன்னலை எக்ஸ் போட்டு மூடினால் இணைப்புதான் அறுபடும், அங்கே நம் லாகின் அப்படியே உயிரோடு இருக்கும். சாட்டும் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்து போனுக்கு அறிவிப்பு அனுப்பாது. மாதக் கடைசி நாளில் மேலாளரின் பதினோரு செய்திகளை இப்படித்தான் தவறவிட்டேன். அதிலிருந்து சைன் அவுட் செய்யாமல் எழுந்திருப்பதில்லை.

இரண்டரை மதிப்பெண்ணில் இரண்டு தேடலுக்கு. மீதி அரை, பிரவுசரில் திறக்கும் பதிப்புக்கு. அது 443-லேயே போவதால் விபிஎன்னோடு சண்டை போடுவதில்லை. லேப்டாப்பில் இருந்த செயலியைப் போன வாரம் நீக்கிவிட்டேன்.