மறுகால் எங்கே போகிறது? இரண்டு படங்களும் ஒரு கேள்வியும்

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரை ஊர்களில் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வரும்: எந்தக் குளத்து மறுகால், அதாவது குளம் நிரம்பி வழியும் தண்ணீர், எங்கே போய்ச் சேருகிறது? ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். படத்தில் காட்டச் சொன்னால்தான் சிக்கல். கையில் இருப்பவை இரண்டு. ஒன்று வருவாய்த்துறையின் கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அளந்து வரைந்த புலப்படமும். மற்றொன்று 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். அதில் யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கலாம்.

புலப்படத்தின் பலம் எல்லை. சர்வே நம்பர், உட்பிரிவு, கல்லுக்குக் கல் அளவு எல்லாம் உண்டு. குளத்துப் புறம்போக்கு எதுவரை என்று வழக்காட அதுதான் உதவும். ஆனால் பழைய புலப்படத் தாளில் அட்சரேகையோ தீர்க்கரேகையோ கிடையாது. சர்வே கல்லைத் தேடிப்பிடித்து, ஜிபிஎஸ் வைத்து, கணினியில் அதை பூமியோடு பொருத்த வேண்டும். கல் இருந்தால் சரி. பல கல் யார் வீட்டுப் படிக்கட்டிலோ கிடக்கும்!

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புதுச் சாலை, சந்து, கோயில், தமிழிலேயே ஊர்ப்பெயர் எல்லாம் ஏறும். ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் நாலைந்து குடியிருப்புகள் இருக்கும். சனங்கள் புழங்குவது குடியிருப்பின் பெயரைத்தான். அந்த வகையில் இது முன்னே நிற்கிறது. குளம் என்று வந்தால்தான் சறுக்குகிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைகிறவர் மே மாதப் படத்தைப் பார்த்திருந்தால், சீமைக்கருவைக்கு நடுவில் தெரியும் குட்டையைத்தான் குளம் என்று வரைவார்.

சரி, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஒரே படமாகக் கரைத்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு படத்திலும் குளத்துக் கரை மாறுபடும் இடத்தில் புதியதே சரி என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் குளம் சுருங்கிவிடும். ஆக்கிரமித்தவருக்கு நாமே பட்டா போட்டுக் கொடுத்த கதைதான்.

கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் தனித்தனி அடுக்காக வைப்பதே மேல். அப்போது இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி கண்ணில் படும். எல்லாக் குளமும் ஒரே திசையில் சில மீட்டர் நகர்ந்திருந்தால் அது படத்தைப் பொருத்தியதில் வந்த பிழை. ஒரு குளத்தில் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கியிருந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: மண் மேடிட்டிருக்கலாம், யாராவது வேலி போட்டிருக்கலாம், வரைந்தவர் தவறியிருக்கலாம்.

உரிமத்திலும் இதுவே தொல்லை குறைந்த வழி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கலந்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். சர்க்கார் படத்தை அனுமதியில்லாமல் அதில் ஏற்றவும் கூடாது.

அப்புறம் மறுகால். கிராம வரைபடத்தில் ஓடையின் வடிவம் இருக்கும். ஆனால் ஊர் எல்லையோடு தாள் முடிந்துவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு ஊர் எல்லை பொருட்டில்லை. அதோடு, அங்கே ஓடையைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும் என்பது முறை. ஆகவே வடிவத்தை கிராம வரைபட அடுக்கில் பார்க்கலாம். திசைக்கு, மடை பார்க்கிறவரோடு போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு மறுகாலில் இருந்து அடுத்த குளம் வரை நடந்து, அந்தத் தடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாம். மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே நடந்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் ஓடையில் கால் வைக்க முடியாது.