பழைய ஆட்டோமேட்டிக் வண்டில கியர் ஸ்லிப்: ரெண்டு வருஷ அனுபவம்

வண்டி 2009 மாடல் பெட்ரோல் செடான், 5 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்திய ஆயில் மூலமா கியர்பாக்ஸுக்குக் கடத்துற வகை), செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, இப்ப 1,40,000 கிலோமீட்டர் தாண்டிருச்சு. ஏஎம்டி, சிவிடினு வேற வகை ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவங்க நான் சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க, அது உள்ள வேற மாதிரி.

கத்திபாரா மேம்பாலம் ஏறுறப்பதான் மொதல்ல மாட்டுச்சு. ஆர்பிஎம் முள்ளு 2,200-லருந்து சர்ருனு 3,500-க்கு போகுது, வண்டி மட்டும் அதே 40-ல முக்கிட்டு நிக்குது. ஏசி லோடா இருக்கும்னு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டு நாலு மாசம் ஓட்டுனேன், அதான் நான் பண்ண பெரிய தப்பு. அப்புறம் டி-ல போட்டா ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டுதான் நகரும்னு ஆகிப்போச்சு.

ஒரு ஒர்க்ஷாப்ல கொண்டுபோய் விட்டா, பானெட்டக்கூட தொறக்கல, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து "கியர்பாக்ஸ் போச்சு சார், 85,000 ஆகும்"னுட்டாங்க. வீட்டுக்கு வந்து மேனுவல எடுத்துப் படிச்சேன். என் வண்டிக்கு இன்ஜின் நல்லா சூடாகி ஐட்லிங்ல இருக்கறப்ப கியர்பாக்ஸ் ஆயில் டிப்ஸ்டிக் (அளவு பாக்கற குச்சி) பாக்கணும், சில வண்டிக்கு ஆஃப் பண்ணிட்டுப் பாக்கணும், அதனால உங்க மேனுவல பாத்துக்கோங்க. குச்சிய துடைச்சு விட்டு எடுத்தா நுனிலகூட சரியா ஆயில் ஒட்டல! அங்க இங்க இருந்தத டிஷ்யூல தொட்டு வச்சா சிவப்பா இருக்கவேண்டியது டீ டிகாஷன் கலர்ல இருக்கு, லேசா கருகுன வாடை வேற.

ஆயில் கம்மியானா பம்ப் காத்த இழுக்கும், பிரஷர் விழுந்துரும், கிளட்ச் பிளேட்டுங்க இறுக்கிப் பிடிக்காது, ஏத்தத்துலயும் வளைவுலயும் அதிகமா தெரியறது இதனாலதான். ராத்திரி வண்டிக்கு அடில அட்டைப்பெட்டிய விரிச்சு வச்சேன், காலைல ரெண்டு சொட்டு. ரேடியேட்டருக்குப் போற கூலர் ஹோஸ் கிளாம்ப்ல கசிஞ்சு மண்ணு அப்பிக் கெடந்துச்சு.

ஹோஸ் மாத்தி டாப்அப் பண்ணதும் முக்கால்வாசி சரியாயிருச்சு, ஆனா சூடானா 2-லருந்து 3-க்கு மாறுறப்ப மட்டும் இன்னும் வழுக்குச்சு. வேற ஒரு மெக்கானிக் அண்ணன் நல்ல ஸ்கேனர் போட்டாரு, பி0730-னு எரர் கோடு வந்துச்சு, அதாவது கியர் ரேஷியோ கணக்குல ஒத்துவரல. கியர்பாக்ஸ் அடில இருக்கற ஆயில் பான கழட்டிப் பாத்தோம், காந்தத்துல சாம்பல் கலர் பேஸ்ட் மட்டும்தான், இரும்புத் துணுக்கு எதுவும் இல்ல, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஃபில்டரும் ஒரு ஷிஃப்ட் சாலினாய்டும் (கியர் மாற ஆயில் போற வழிய தொறந்து மூடுற கரண்ட் வால்வு) மாத்துனாரு. பழைய ஆயில மொத்தமா தள்ளி எடுக்கற ஃப்ளஷ் மெஷின் வேணாம்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணோம். ஒருதடவ கீழ வடிச்சு விட்டா பாதி ஆயில்தான் வரும், மிச்சம் கன்வெர்ட்டர்லயே நிக்கும், அதனால இடைல கொஞ்சம் ஓட்டி ஓட்டி மூணு தடவ மாத்துனோம். எல்லாம் சேத்து 16,000 ஆச்சு.

அதுக்கப்புறம் 18,000 ஓடியாச்சு, ஏற்காடு 20 கொண்டை ஊசியும் ஏறி எறங்கிட்டேன். ஆனா அந்த நாலு மாசத்துல கருகுன கிளட்ச் திரும்ப வளராதுல்ல, காலைல மொத ஷிஃப்ட்ல முள்ளு இன்னும் ஒரு 200 எகிறும். மாசம் ஒருதடவ கிச்சன் டிஷ்யூவ எடுத்துட்டு கீழ போவேன், "திரும்பவும் வண்டிக்கு மூக்கு துடைக்கப் போறீங்களா"னு வீட்டம்மா கேப்பாங்க. அந்த 200 என்னைக்கு 500 ஆகுதோ அன்னைக்கு கியர்பாக்ஸ பிரிச்சுதான் ஆகணும், அதுக்குத் தனியா காசு எடுத்து வச்சுட்டு வரேன்.