நுவரெலியாவில் வெள்ளியிலைச் செடி: நான்கு ஆண்டு அனுபவம்

குளிர்நாட்டுச் செடி என்றால் நுவரெலியாவில் கண்ணை மூடிக்கொண்டு நடலாம் என்றுதான் நம்பியிருந்தேன். டஸ்டி மில்லர் என்ற வெள்ளியிலைச் செடி அந்த நம்பிக்கையை உடைத்தது. இதற்கு நம் குளிர் ஒரு பொருட்டே இல்லை, மழைதான் எமன்.

முதல் ஆண்டு வாசல் பாத்தியில் ஆறு கன்றுகளை நட்டேன். செம்மண்ணில் மாட்டெருவைத் தாராளமாகக் கலந்திருந்தேன். ஏப்ரல் வரை வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் மூட்டமும் தூறலும். அடியிலைகள் கறுத்துக் கொழகொழத்தன. ஒரு செடியைப் பிடித்துத் தூக்கினேன். வேர் மண்ணிலேயே தங்க, தண்டு மட்டும் கையோடு வந்தது. ஆகஸ்ட்டுக்குள் ஆறும் போய்விட்டன. அன்று பட்ட வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் இலையிலேயே இருக்கிறது. நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளை, பஞ்சாகச் சுருண்டு வரும், அடியில் சாதாரணப் பச்சைதான். வெயிலைத் திருப்பியனுப்பவும் இலையின் ஈரத்தைக் காக்கவும் அமைந்த மயிர்ப்போர்வை அது. கோடையில் மழை அரிதான மத்தியதரைக் கடலோரத்தில் அதுவே கவசம். இங்கே மழைநீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நனைந்த இலையில் பச்சை தட்டும். காய்ந்தால் மறுபடி வெளுக்கும். காய வழியில்லாமல் போனால் அழுகல்தான்.

இரண்டாம் ஆண்டு சாடிக்கு மாறினேன். செம்மண், ஆற்றுமணல், சிறு சல்லிக்கல் மூன்றும் சம அளவு. எரு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கொழுத்தால் செடி நெடுத்து வெள்ளியும் மங்கிவிடுகிறது. இங்குள்ளது தேயிலை விரும்பும் அமில மண் என்பதால், புளிப்பைத் தணிக்க ஒரு தேக்கரண்டி டொலமைட் சுண்ணாம்புத் தூளும் சேர்த்தேன். சாடிகளைச் செங்கல் மேல் ஏற்றி, காலை வெயில் விழும் கிழக்குத் தாழ்வாரத்தில், கூரைத் தண்ணீர் சொட்டாத இடமாக வைத்தேன். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் இலையில் படாமல். அந்தச் சாடிச் செடிகள் இன்றும் இருக்கின்றன.

ஜனவரி உறைபனியில் எதிர்த்த மலையில் தேயிலைக் கொழுந்து கருகிய காலையில், முற்றத்தில் மறந்து விட்டிருந்த ஒரு சாடியின் இலை விளிம்பெல்லாம் பனி உப்புப் பொரிந்ததுபோல் ஒட்டியிருந்தது. பத்து மணிக்குள் உருகியது. ஓர் இலைக்கும் சேதமில்லை.

பண்டாரவளையில் தங்கை பாத்தியிலேயே வளர்க்கிறாள். எங்களுக்கு மழை கொட்டும் ஜூன், ஜூலையில் ஊவாப் பக்கம் வறண்ட காற்று. அவளுக்குக் கவனம் தேவைப்படுவது அக்டோபருக்குப் பிறகுதான். ஆகவே மலைநாடு முழுவதற்கும் ஒரே முறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மஞ்சள் பூ மொட்டு விட்டதும் கிள்ளிவிடுகிறேன். மழைக்கு முன் தேயிலைக்குப் போலவே ஒரு கவ்வாத்து, ஆனால் இளந்தண்டு வரை மட்டும். வெட்டிய தழையை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போட்டுவிடாதீர்கள்; ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இதில் இருக்கிறது. நான் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன்.