கிருஷ்ணகிரி மாந்தோப்பு நாய் விடுதி: ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவரின் மதிப்பீடு

நாய் விடுதி தேடுவோர் தொலைபேசியில் முதலில் விசாரிப்பது ஏசி அறை உண்டா என்பதைத்தான். தரை எப்படி என்று கேட்பவர் அரிது. ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய மேய்ச்சல் நாயை வளர்ப்பவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே, கிருஷ்ணகிரியிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் ஒரு மாந்தோப்புக்குள் நடக்கும் விடுதியில் எங்கள் சீசரை விட்டு அழைத்து வந்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

சீசருக்கு ஏழு வயது. எடை 38 கிலோ. இவ்வினத்து ஆண் நாய்க்குரிய எடை 30 முதல் 40 கிலோ வரை என்பதால் அவனைப் பருமன் என்று சொல்ல முடியாது. ஆனால் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்புக் குழிக்குள் சரியாகப் பொருந்தாத குறை இவ்வினத்தில் பரம்பரையாக வருவது. வழுக்கும் தரையில் பின்னங்கால்கள் பிரிந்து பிரிந்து போகும்போது அந்த மூட்டின் மேல் விழும் பாரம் வலியைக் கூட்டும். இந்த விடுதியின் ஏசி அறைகளில் மெருகேற்றிய கருங்கல் பதித்திருக்கிறார்கள். கிரானைட் பட்டறைகளுக்குப் பெயர் பெற்ற மாவட்டத்தில் கல் மலிவாகக் கிடைப்பதும், கழுவிவிட எளிதாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். பார்வைக்கு அழகுதான். ஆனால் கழுவிய ஈரம் காயுமுன் சீசர் எழுந்திருக்க முயன்றபோது நகங்கள் கல்லில் கீறும் சத்தம் வெளியே நின்ற எனக்கே கேட்டது. முன்னங்காலை ஊன்றி, பின்புறத்தை இழுத்துக்கொண்டுதான் அவன் நிமிர்ந்தான். கேட்ட பிறகு ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். கேட்காதவர்களின் நாய்களுக்கும் அதைப் போட்டிருக்க வேண்டும்.

ஏசி இல்லாத பின்வரிசை அறைகளில் சொரசொரப்பான சிமெண்ட் தரையும், தகரத்துக்குப் பதில் ஓட்டுக் கூரையும், அதன் மேல் மாமர நிழலும் இருக்கின்றன. நாள் வாடகையும் அங்கே குறைவு: ஏசி அறைக்கு 900 ரூபாய், இதற்கு 600. இரண்டாம் முறை நான் கேட்டு வாங்கியது இந்த அறையைத்தான். ஏப்ரல், மே மாத நண்பகலில் மட்டும் மின்விசிறியும் தண்ணீர்த் தொட்டியும் கட்டாயம் வேண்டும், இரண்டும் இருந்தன.

விடுதியின் உண்மையான பலம் அறைகளுக்கு வெளியே இருக்கிறது. கம்பி வேலி போட்ட அரை ஏக்கர் திடலில் காலை ஆறு மணிக்கும், வெயில் தாழ்ந்த பிறகும் நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள். ஜெர்மனியில் குதிரைப்படை அதிகாரியாக இருந்த மாக்ஸ் ஃபான் ஷ்டெபானிட்ஸ் 1899-இல் தர நிர்ணயம் செய்யத் தொடங்கிய இந்த நாயினத்தின் பழைய தொழில், வேலியில்லாத வயல்களின் ஓரத்தில் ஆடுகள் பயிருக்குள் இறங்காதபடி எல்லைக்கோட்டிலேயே ஓட்டமும் நடையுமாகப் போய்வருவது. அந்தப் பழக்கம் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது. "மத்த நாய்ங்க எல்லாம் நெழல்ல படுத்துக்குது சார், இவன் மட்டும் வேலியோரமாவே ரோந்து போறானுங்க" என்று பராமரிப்பாளர் சொன்னார். மண்ணில் ஒற்றையடிப் பாதை விழும் அளவுக்கு அவன் சுற்றியிருந்தான். அறைக்குள்ளேயே அடைத்து வைக்கும் விடுதியில் இதே நாய் கதவைப் பிறாண்டியிருக்கும்.

தோப்புக்குள் இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெங்களூரா மாம்பழக் காலத்தில் கோடை மழைக் காற்று அடித்தால் திடலில் பழம் உதிரும். நாய் பழத்தோடு கொட்டையையும் விழுங்கினால் அது குடலில் அடைத்து, அறுவை சிகிச்சை வரை போகும். காலையில் பொறுக்கிவிட்டுத்தான் திறக்கிறோம் என்கிறார்கள். மாலையிலும் பொறுக்குவதை நான் பார்க்கவில்லை. சீசனில் விடுவதானால் இதை வலியுறுத்திச் சொல்லுங்கள்.

உணவில் குறை சொல்ல இடமில்லை. கோழிக்கறி சேர்த்த ராகிக் களி அவர்களது வழக்கம். ஆனால் உணவைத் திடீரென்று மாற்றினால் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எளிதில் வயிற்றுப்போக்கு வரும் என்பதை அறிந்து, வீட்டுத் தீனியையே கொண்டுவரச் சொன்னார்கள். ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்ததும், ஓடி வந்தவுடன் தட்டை நீட்டாமல் ஆற வைத்ததும் சரியான முறை. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைப் பார்த்ததோடு நிற்காமல், பராமரிப்பாளர் காது மடலைப் புரட்டி, ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து உண்ணி தேடினார். உண்ணியால் பரவும் காய்ச்சல் நம் பக்கத்து நாய்களைப் படுத்தும் பாட்டை அறிந்தவர்கள் இதை மெச்சுவார்கள். ஆனால் அதே மூச்சில், "வேணும்னா ஒரு ஐவர்மெக்டின் ஊசி போட்டு விட்டுடலாமுங்க" என்றது எனக்கு உடன்பாடில்லை. மேய்ச்சல் இனங்கள் சிலவற்றில், ஜெர்மன் ஷெப்பர்ட் சிலவற்றிலும், ஒட்டுண்ணிகளைக் கொல்லும் இந்த மருந்து மூளையைப் பாதிக்க வழிவிடும் மரபணு மாற்றம் உண்டு. கால்நடை மருத்துவர் எழுதித் தராத எந்த ஊசியும் வேண்டாம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வந்தேன். அவர்களும் முகம் சுளிக்கவில்லை.

தினமும் முடி சீவ 100 ரூபாய் தனியாக வாங்குகிறார்கள். கொடுக்கலாம், மேல்முடிக்கு அடியில் பஞ்சாகக் கழியும் உள்முடியை அகலப்பல் சீப்பால் பொறுமையாக எடுக்கிறார்கள். வெயிலுக்காக மொட்டை அடித்து விடச் சொன்ன ஒருவருக்கு, இரட்டை முடி உள்ள நாய்க்கு அது கூடாது என்று மறுத்துவிட்டதைக் கண்ணெதிரே பார்த்தேன். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன மறுப்பு அது.

இளம் நாயாக இருந்தால் எந்த அறையிலும் விடலாம். ஐந்து வயதைக் கடந்ததென்றால் பின்வரிசை அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்; நான்கே அறைகள்தாம், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் விரைவில் நிரம்பிவிடுகின்றன. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெங்களூரிலிருந்து திரும்புவோர் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி நெரிசலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், தாமதித்தால் இன்னொரு நாள் வாடகை சேரும்.