இழுவை இல்லாத பழைய டீசல் காருக்கு டர்போ மாற்றச் சொல்கிறார்களா? காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஒரு கராஜில் அண்மையில் நடந்தது இது. 2சி-டி எஞ்சின் உள்ள பழைய டொயோட்டா டீசல் கார். கல்முனை றோட்டில் ஓடும்போது குறை தெரியாது. செங்கலடியால் திரும்பி, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் மூன்றாம் கியர் பிடிக்கவில்லை, இரண்டாம் கியரில் ஊர்ந்தது. கறுப்புப் புகை கொஞ்சமும் இல்லை. கராஜில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "டர்போ போயிட்டு அண்ணன்" என்று சொல்லி, 185,000 ரூபாய்க்கு ரீகண்டிஷன் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) ஒன்றைப் பூட்டினார்கள். இழுவை வரவில்லை. பிறகு டீசல் பம்பில் ஒரு ஸ்குரூவைத் திருப்பினார்கள். புகையோடு கொஞ்சம் இழுவை வந்தது. "இப்ப சரி" என்று அனுப்பிவிட்டார்கள். பழைய டர்போவைத் திருப்பித் தரவுமில்லை.

உண்மையான குறை ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸில் இருந்தது. இன்டேக் மேனிபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) இருந்து டீசல் பம்பின் மேலுள்ள வட்ட மூடிக்குப் போகிற, சுண்டுவிரலை விட மெல்லிய ஹோஸ். கிளிப் கடித்த இடத்துக்கு அடியில் வெடித்திருந்தது. மேலால் பார்த்தால் நல்ல ஹோஸ் மாதிரித்தான் இருக்கும். கிளிப்பைத் தள்ளிவிட்டு வளைத்தால்தான் பிளவு தெரியும்.

அந்த ஹோஸின் வேலையை விளங்கிக்கொண்டால் உங்களை ஏமாற்றுவது கஷ்டம். டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம் அதனூடாகப் போய், மூடிக்குள் இருக்கும் டயப்ரம் என்ற மெல்லிய சவ்வைக் கீழே அமுக்கும். அப்போதுதான் பம்ப் கூடுதல் டீசல் விடும். ஹோஸ் ஒழுகினால் பம்ப் டீசலைக் கூட்டாது. டீசல் குறைவதால் புகையும் இல்லை, இழுவையும் இல்லை. டர்போவைச் சுழற்றுவதே எரிந்து வெளியேறும் சூடான வாயுதான், எனவே டீசல் குறைந்தால் டர்போவும் மந்தமாகத்தான் சுற்றும். "டர்போ சத்தமே இல்லையே" என்று கராஜில் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது விளைவு, காரணம் இல்லை.

டர்போ பழுது என்று நம்பவைக்க இரண்டு காட்சிகள் காட்டுவார்கள். முதலாவது, காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் நடுத் தண்டை விரலால் பிடித்து ஆட்டி, "பாருங்க, ஆடுது" என்பது. இந்த வகை டர்போவில் தண்டு ஓயில் படலத்தில் மிதந்து சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது. எஞ்சின் நிற்கும்போது பக்கவாட்டில் சற்று ஆடத்தான் செய்யும். பார்க்க வேண்டியது வேறு. தண்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கையில் தெரிகிற அளவுக்கு அசையக் கூடாது. பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துச் சுற்றும்போது சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசக் கூடாது. உரசிய கோடு கூட்டின் உள்பக்கத்தில் பளபளவென்று தெரியும். அந்தக் கோடும் இல்லை, இதழும் உடையவில்லை என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

இரண்டாவது காட்சி, குழாய்க்குள் விரலை விட்டு ஓயிலைத் தொட்டுக் காட்டுவது. எஞ்சினின் மூச்சுக் குழாய் அந்தப் பக்கம்தான் வருகிறது, ஆகவே மெல்லிய ஓயில் படலம் எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும். குழாயில் ஓயில் குளமாய் நின்று, சைலன்சரால் நீலப் புகையும் வந்தால் மட்டும் யோசியுங்கள்.

சோதனையைக் காசில்லாத இடத்தில் தொடங்குங்கள். ஒருவர் அக்சிலேட்டரை முழுதாக மிதிக்க, மற்றவர் பம்பின் லிவர் கடைசி ஸ்டொப்பரைத் தொடுகிறதா என்று பார்க்கட்டும். கேபிள் தொய்ந்தோ, காலடியில் தடித்த பாய் கிடந்தோ பாதி மிதியில் நின்ற வண்டிகள் உண்டு. அடுத்தது ஏர் பில்டர். அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வைக்கோல் தூசு சில வாரத்தில் அதை அடைத்துவிடும். பிறகு டீசல் பில்டர், அதன் அடியில் உள்ள தண்ணீர் திறப்பு. 2022 தட்டுப்பாட்டில் கான்களில் சேர்த்த டீசலை ஊற்றியிருந்தால் தாங்கியின் அடியில் கசடும் தண்ணீரும் இருக்க இடமுண்டு.

அதன் பின் அந்தச் சின்ன ஹோஸ். மேனிபோல்டில் அது ஏறும் நிப்பிளையும் மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், கரி அடைத்திருக்கும். பம்ப் பக்கத்து நிப்பிளில் வாயால் ஊதினால் காற்று தங்க வேண்டும். தொடர்ந்து ஒழுகினால் டயப்ரம் கிழிந்துவிட்டது. 3சி-டிஇ, 1கேஇசட்-டிஇ போன்ற கம்பியூட்டர் பம்ப் எஞ்சின்களில் இதே மாதிரியான ஹோஸ் அழுத்த சென்சருக்குப் போகும்.

இவை சரியென்றால் ஹோஸில் டி இணைப்புப் போட்டு அழுத்த மானியைப் பூட்டி, மூன்றாம் கியரில் முழு மிதியில் ஓட்டுங்கள். அந்தக் காலத்துச் சிறிய டீசல்களில் பொதுவாக 0.5 முதல் 0.8 பார் வரும், சரியான எண் அந்த எஞ்சினின் புத்தகத்தில் இருக்கும். அழுத்தம் குறைந்து கறுப்புப் புகை கொட்டினால் காற்று எங்கோ போகிறது: பெரிய குழாய் பிளந்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம், வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகும் வாயுவில் ஒரு பகுதியை விலக்கிவிடும் கதவு) திறந்தபடி இறுகியிருக்கலாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் அதன் கம்பி மூட்டு துருப்பிடிக்கும். இந்த மானி இல்லாத கராஜ் டர்போ பழுது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அவர்கள் திருப்பிய ஸ்குரூதான் மிக மோசமான வேலை. பம்பின் பின்பக்கம் லொக் நட்டோடு இருக்கும், முழு மிதியில் போகும் டீசலின் அளவைத் தீர்மானிக்கும் முழு டீசல் ஸ்குரூ அது. கொம்பனி அதைச் சீல் பண்ணித்தான் அனுப்பும். குறை அப்படியே இருக்க, உள்ளே திருகி டீசலை மட்டும் கூட்டினால் வெளியேறும் வாயுவின் சூடு ஏறும். 2சி-டியின் சிலிண்டர் ஹெட் சூட்டில் வெடிப்பதற்குப் பேர் போனது. ஹோஸை மாற்றிய பிறகும் ஸ்குரூ அதே இடத்தில் இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அழுத்தத்தில் வரும் டீசலும் அதன் மேல் சேரும்.

வேலை கொடுக்கும்போதே பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று சொல்லுங்கள். பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியே எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஏமாந்திருந்தால் மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

உங்கள் பம்பில் சீல் உடைந்து, லொக் நட்டில் புது ஸ்பேனர் கீறல் இருந்தால், பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளவு பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதுவரை அந்த வண்டியில் ஆளேற்றி லுணுகலைப் பக்கம் போகவே வேண்டாம்.